ஏணிப்பொத்தையில் ஒரு தெரு

அப்பா ஒரு வீட்டைக் காலால் உதைத்துத் தள்ளினார். இரண்டு மாடி வீடு. ஒரே உதையில் பொலபொலவென்று சரிந்தது.

"அய்யோ!" என்றார் அம்மா. உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு திரும்பி நின்று தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அப்பா நிற்கவில்லை. அடுத்தது ஒரு மூன்று மாடி வீடு. அதற்கடுத்தது, கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டிய பெரிய வீடு. அவருடைய பூட்ஸ் காலுக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை.

"அப்பா! என்ன செய்யுதீங்க?"

சங்கரேஸ்வரி கத்தியது எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவளுடைய மூக்கு நுனி சிவந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

எல்லாம் கல் வீடுகள். உள்ளங்கையில் அடங்கும் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள். சொந்த வீடு வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறவர்கள், சாமி இருக்கும் மலைகளில் இப்படிக் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று சாமிக்குப் போட்டுக் காட்டும் பிளான் அது.

"பாதையைச் சுத்தம் செய்யுதேன்" என்றார் அப்பா. "சவம், நடக்க இடம் இருக்கா பாரு!"

அப்பாவின் பெயர் தளவாய். பல வருடம் பட்டாளத்தில் இருந்து, பனிமலைகளில் காவல் காத்தவர். இப்போது தென்காசியில் ஒரு வங்கி வாசலில் காவல் காக்கிறார். மலைதான் கிடைக்கவில்லை. அதனால் லீவு கிடைத்தால் போதும், அம்மா நிர்மலாதேவி, சங்கரி, தம்பி குற்றாலீஸ்வரன் என்று முழுக் குடும்பத்தையும் ஏதாவது ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஊரெல்லாம் குற்றாலத்துக்குத் துண்டும் எண்ணெயுமாய்க் குளிக்கப் போகும். இவர்கள் மட்டும் முதுகில் பையோடு அருவியைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். "குத்தாலம் வரைக்கும் வந்துட்டு நனையாமப் போற குடும்பம் இது ஒண்ணுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

இதுவரை பல மலைகள் ஏறியாயிற்று. ஏணிப்பொத்தை மட்டும் பிடி கொடுக்கவில்லை.

பொத்தை என்றால் அந்தப் பக்கத்தில் சின்னப் பாறைக்குன்று என்று பொருள். இதற்கு அந்தப் பெயர் வைத்தவர் நல்ல கேலிக்காரராக இருந்திருக்க வேண்டும். வடகரைத் தோப்புகளைத் தாண்டி, ஏணியை நிமிர்த்தி வைத்தது போல் நேராக மேலே போகிறது மலை. பாதி உயரத்தில் சாஸ்தா கோயில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சுனை. சுனைக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலதுகைப் பாதை உச்சிக்குப் போகும். இடதுகைப் பாதை நல்ல பாதை போலவே கொஞ்ச தூரம் போய்விட்டு, ஒரு சறுக்குப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதல் தடவை வந்தபோது குற்றாலீஸ்வரனுக்கு வயிற்றுவலி. பலாச்சுளை சிப்ஸ் பாக்கெட்டை யாருக்கும் கொடுக்காமல் தின்றதால் வந்த வலி. பாதை பிரியும் இடத்தில் அப்பா ஓர் அடையாளம் மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டாவது தடவை அந்த அடையாளத்தைக் காணவே இல்லை. அந்த இடம் முழுவதும் கல் வீடுகள் முளைத்திருந்தன. மூடுபனி வேறு. இடதுபக்கம் போய்விட்டார்கள். குற்றாலீஸ்வரன் சறுக்கி, இரண்டு முழங்காலும் தோல் உரிந்து, திரும்ப வேண்டியதாயிற்று.

இது மூன்றாவது தடவை. இன்னும் சில நாளில் சாரல் மழை தொடங்கிவிடும். அப்புறம் பாதையை மூடிவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் தை மாதம்தான்.

"போன தடவை ஈசு விழுந்தது இந்தக் கல்லாலதான்" என்றார் அப்பா.

"நான் விழல" என்றான் குற்றாலீஸ்வரன். "உக்காந்து சறுக்கினேன்."

"நான் வச்ச அடையாளத்தை மறைச்சு, வழி தெரியாமச் செஞ்சு... கல்லை அடுக்கினா வீடு வந்துருமா? லோன் போட்டாத்தான் வரும்!" அப்பாவின் கால் இன்னொரு வீட்டை நோக்கி உயர்ந்தது.

சங்கரி ஓடிப்போய் அந்த வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"பூட்ஸ் காலோடவா உதைப்பீங்க? யாரோ ஒருத்தங்க இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்து, பாத்துப் பாத்துக் கல்லு பொறுக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க. அதை ஒரே உதைல தள்ளுதீங்க!"

"ஏட்டி, வழியை விடு."

"விடமாட்டேன். நம்ம வீட்டை யாராவது இப்படி உதைச்சா சும்மா இருப்பீங்களா?"

"நம்ம வீடு வாடகை வீடு. உதைக்கணும்னா வீட்டுக்காரரே உதைச்சுக்குவாரு."

குற்றாலீஸ்வரன் களுக்கென்று சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் வீட்டுக்காரர் மேல் வருத்தம் உண்டு. தெருவில் சுற்றும் மணி என்ற நாயை உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டவர் அவர். இரண்டு வருடமாக மணி கேட்டுக்கு வெளியேதான் படுத்திருக்கிறது.

சங்கரிக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே பாறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் மேல வரல. இடிச்சதை எல்லாம் திரும்பக் கட்டினாத்தான் வருவேன்."

"எந்திரிட்டி. பட்டாளத்துல ஆர்டர்னா ஆர்டர்."

"இது பட்டாளம் இல்லப்பா. அடுத்தவங்க வீடு."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் குற்றாலீஸ்வரன் வெடித்தான்.

"ஏக்கா! மேகம் வந்துருச்சுன்னா இந்தத் தடவையும் போச்சு. நீ எங்க போனாலும் இப்படித்தான். ஸ்கூல்ல குழாயில தண்ணி வரலைன்னு ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல போய் உக்காந்த!"

"தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. அதுக்காக?"

"அப்ப வாயை மூடு."

அப்பா மேற்கே பார்த்தார். கேரளப் பக்கம் வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. பெருமூச்சு விட்டபடி தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா குனிந்து, சிதறிய கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சங்கரியின் பக்கத்தில் வைத்தார்.

சங்கரி கட்டத் தொடங்கினாள். ஒரு கல். அதன்மேல் ஒரு கல். மூன்றாவதை வைத்ததும் மொத்தமும் விழுந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி விழுந்தது. கற்களை அவள் வைக்கவில்லை, மோதினாள். கற்களும் கோபத்தோடுதான் விழுந்தன.

"பைய வைட்டி" என்றார் அம்மா மெதுவாக. "கல்லு உன்னை ஒண்ணும் செய்யலையே."

சங்கரி கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். மூக்கு கொஞ்சம் ஆறியது. இந்த முறை கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது உட்காரும் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்தாள். நின்றது.

கொஞ்ச நேரத்தில் குற்றாலீஸ்வரனும் வந்தான். அவனுக்குச் சும்மா இருக்க வராது.

"இது அப்படி இல்ல. இதுக்கு பால்கனி இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அப்ப நீயே வை."

அவன் பால்கனி வைத்தான்.

பாதை பிரியும் இடத்துக்கு நட்டநடுவில் ஒரு பெரிய அடுக்கு மட்டும் இடிபடாமல் நின்றது. அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தது. காய்ந்த செவ்வந்தி மாலையும் கிடந்தது. அதைப் பார்த்து அப்பாவின் காலே கூசியிருக்க வேண்டும். சங்கரி மாலையைச் சரிசெய்து வைக்கப் போனாள். மேல்கல்லில் இருந்த மஞ்சள் அவள் விரலில் பட்டது.

ஆனால் விரலில் ஒட்டவில்லை.

நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் என்றால் பொடியாக உதிர வேண்டும். இது தோல் போல் உரிந்தது. குனிந்து கீழே பார்த்தாள். அடியில் பெரிய கல், நடுவில் அதைவிடச் சின்னது, உச்சியில் சிறியது. மூன்றிலும் ஒரே மாதிரி நேரான மஞ்சள் கோடு.

"அப்பா, இங்கன வாங்க."

"கட்டி முடிச்சாச்சா?"

"வந்து பாருங்கப்பா."

அப்பா வந்தார். குனிந்தார். பிறகு மண்டியிட்டார்.

அது அவர் வைத்த அடையாளம். மூடுபனியிலும் கண்ணில் படட்டும் என்று மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு, தன் கையாலேயே அடுக்கிய மூன்று கற்கள்.

"பெயிண்டைப் பாத்து மஞ்சள்னு நெனச்சிருக்காங்க" என்றாள் சங்கரி. "மஞ்சள் பூசின கல்லுன்னா சாமிதானே? அதான் குங்குமம் வச்சிருக்காங்க. சாமி இருந்தா கேக்கணும்லா? அதான் சுத்தி வீடு கட்டியிருக்காங்க."

குற்றாலீஸ்வரனின் கண்கள் விரிந்தன. "அப்பா! நீங்க ஒரு சாமியவே செஞ்சிட்டீங்க!"

"முதல் கல்லு அடுக்கினது நீங்கதான்ப்பா" என்றாள் சங்கரி. "அவங்களைப் போய்த் திட்டுனீங்க."

அப்பா பாறையில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் மூச்சிரைத்துக்கொண்டு ஏறி வந்தது.

"அடப் பாவி! எந்தக் கோட்டிக்காரப்பய பாத்த வேலை இது?"

மஞ்சள் பையோடு ஓர் அம்மாள் சுனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கை. முகமெல்லாம் வியர்வை. இடிந்து கிடந்த கற்களையே பார்த்தார்.

"என் வீட்டைக் காணல! இங்கனதான் கட்டினேன், இந்தப் பாறை ஓரத்துல. எவன் செஞ்சான்? அவன் கையில கல்லு விழ! அவன் கால்ல..." சட்டென்று நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாஸ்தாவே, மன்னிச்சிரு. சாபம் விடக் கூடாது. ஆனா அவன் கால் ஒரு வாரம் வலிக்கட்டும். ஒரே ஒரு வாரம்."

குற்றாலீஸ்வரன் அப்பாவின் காலைப் பார்த்தான். சங்கரி அவன் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள்.

அவளுக்கு இன்னும் அப்பா மேல் கோபம்தான். ஆனாலும், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அப்பாவைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அத்தை, இடிஞ்சதை எல்லாம் நாங்க கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். உங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதே மாதிரி கட்டிருவோம்."

"நீ நல்லா இருப்ப, தாயி. யாரு பெத்த பிள்ளையோ! ஆனா அந்தப் பய மட்டும் என் கையில மாட்டுனான்..."

"நான்தாம்மா" என்றார் அப்பா.

ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். அப்படியே எழுந்து நின்றார். "நான்தான் உதைச்சேன். தப்பு."

அந்த அம்மாளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "ஐயோ, அண்ணாச்சி... நான் ஆளு தெரியாமக் கோட்டிக்காரன்னு..."

"சரியாத்தான் சொன்னீங்க. கோட்டிக்காரப்பயதான்."

சுனையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குற்றாலீஸ்வரனுக்கு அடக்க முடியவில்லை.

"காலு வலிக்காப்பா?"

அந்த அம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அவர் பெயர் பொன்செல்வி. ஊர் வடகரை. போன மழையில் வீட்டுச் சுவர் விழுந்து, அண்ணன் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் ஒரு பக்கத்தைத் தடுத்துக் குடியிருக்கிறார்களாம். இப்போது புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணவரும் மாமியாரும் கீழே சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள்.

"நாளைக்கு மேல்தளம் காங்கிரீட் போடுதோம். அதுக்கு முன்னாடி இங்கன வந்து என் வீட்டுக்கும் ஒரு தளம் வச்சுட்டு, சாமிகிட்டச் சொல்லிட்டுப் போயிரலாம்னு ஏறி வந்தேன்." மஞ்சள் பையிலிருந்து ஓர் உடைந்த செங்கல் துண்டை எடுத்துக் காட்டினார். "புது வீட்டுச் செங்கல். அங்கன மீந்தது."

சங்கரிக்கு மறுபடியும் மூக்கு சிவந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா இரண்டாவது பூட்ஸையும் கழற்றி, தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

"எத்தனை மாடிம்மா?"

"மாடியெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? ஒரே ஒரு வீடு. பக்கத்துல ஒரு சின்னக் கல்லு. அது கோழிக்கூடு."

அப்பா கல் பொறுக்கப் போனார். சங்கரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்கப்பா. பழைய இடத்துலயே கட்டினா, பழையபடி பாதை மறைஞ்சிரும். மூடுபனியில வாரவங்க தப்பாப் போயிருவாங்க."

"ஆமா தாயி" என்றார் பொன்செல்வி. "நானே கட்ட வந்த அன்னைக்கு அந்த இடதுகைப் பக்கம் போய் மெரண்டுட்டேன். நல்லவேளை, கொடியைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்ப அடையாளத்துக்கு வேற நிறம் பூசிருவோம்" என்றார் அப்பா. "சிவப்பு."

"குங்குமம்" என்றான் குற்றாலீஸ்வரன்.

"வெள்ளை?"

"விபூதி."

"பச்சை."

"அம்மன்."

"நீலம் பூசுதேன், போ."

"கிருஷ்ணர்!" குற்றாலீஸ்வரன் குதித்தான்.

"எல்லா நிறத்துலயும் ஒரு சாமி இருந்தா மனுசன் என்னதான்ல செய்வான்?" அப்பா தலையில் கை வைத்தார். "சரி, கல்லை நிறுத்தாமப் படுக்கப் போட்டுருவோம்."

"பெருமாள் படுத்துத்தானப்பா இருக்காரு?"

பொன்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாகூடச் சிரித்துவிட்டார். சங்கரி மட்டும் சிரிக்காமல் இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடையாளமே வேண்டாம்" என்றாள்.

"பின்ன?"

"எல்லா வீட்டையும் அந்த இடதுகைப் பாதையோட வாசல்ல வரிசையாக் கட்டிருவோம். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரு தெரு மாதிரி. வலதுபக்கத்துல ஒரு கல்லுகூட வைக்க வேண்டாம். அடுத்தவங்க வேண்டுதலை மிதிச்சுக்கிட்டு யாராவது போவாங்களா?"

குற்றாலீஸ்வரன் வாயைத் திறந்தான்.

"நீ பேசாத" என்றார் அப்பா.

"புதுசா வாரவங்களும் அந்தத் தெருவுலதான் கட்டுவாங்க" என்றாள் சங்கரி. "வேலி தன்னால பெருசாகும். ஒருத்தரும் பள்ளத்துப் பக்கம் போகமாட்டாங்க."

அப்பா அந்தப் பாதையின் வாயையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பட்டாளத்தில் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் தலையசைப்பதுபோல் ஒருமுறை தலையசைத்தார்.

சங்கரி பொன்செல்வியிடம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. கட்டினவங்களைக் கேக்காம இடத்தை மாத்தக் கூடாது. மத்தவங்க யாரும் இங்கன இல்ல. நீங்கதான் இருக்கீங்க. மாத்தலாமா அத்தை?"

பொன்செல்வி கொஞ்சம் யோசித்தார். அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மாத்தலாம் தாயி. நாங்க தொழுவத்துக்குக் குடி போனப்பவும் சாமி எங்களைக் கண்டுபிடிச்சு வந்துச்சுல்லா? இது நாலு அடி. இங்கனயும் வந்துரும்."

எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். அம்மா கல் பொறுக்கினார். அப்பா தூக்கி வந்தார். சங்கரியும் பொன்செல்வியும் அடுக்கினார்கள். குற்றாலீஸ்வரன் எஞ்சினீயர்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் கொஞ்சம் சாயுது."

"சொல்லுங்கம்மா, இப்படியா?"

"இன்னும் கொஞ்சம். ம்ம், இப்ப சரி."

இடியாமல் இருந்த வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கல் மாறாமல் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில் குங்குமக் கல் மட்டும் நடுப்பாதையில் நின்றது.

"இதை என்ன செய்ய?" என்றார் அப்பா. "பெயிண்ட்தானே?"

"உங்களுக்குப் பெயிண்ட்" என்றார் அம்மா. "கும்பிட்டவங்களுக்கு இல்லையே."

அப்பா மூன்று கற்களையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தெருவின் முனையில் வைத்தார். செவ்வந்தி மாலையையும் மறக்காமல் போட்டார்.

பொன்செல்வி தன் வீட்டின்மேல் செங்கல் துண்டை வைத்துக் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. கண்ணைத் திறந்ததும் பையில் கைவிட்டு, வாழையிலையில் சுற்றிய சுண்டலை எடுத்துச் சங்கரியின் கையில் வைத்தார்.

"வடகரை வந்தா வீட்டுக்கு வாங்க. வண்டிப்பேட்டைக்குப் பின்னால. கோழி கத்துற வீடுன்னு கேளுங்க." இறங்கப் போனவர் திரும்பினார். "அண்ணாச்சி, காலுக்குச் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

அவர் தலை பாறைக்குக் கீழே மறைந்தபோது குளிர்ந்த காற்று ஒன்று வீசியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏணிப்பொத்தையின் உச்சியைக் காணவில்லை. மேகம் அதன் தலையில் ஈரத் துண்டைப் போட்டு மூடியிருந்தது.

"போச்சு!" குற்றாலீஸ்வரனின் குரல் உடைந்தது. "இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு! அக்காவாலதான்! இனிமே தை மாசம்தான்!"

உச்சிக்குப் போகச் சங்கரிக்கும் ஆசைதான். அங்கிருந்து பார்த்தால் குற்றாலத்து அருவி வெள்ளை நூல் மாதிரித் தெரியும் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த நூலை நினைத்துக்கொண்டேதான் இவ்வளவு தூரம் ஏறி வந்தாள்.

"ஏலே, அக்காவால இல்ல" என்றார் அப்பா. "என் காலால."

அவர் உச்சி இருந்த பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மேகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"எல்லாம் கட்டியாச்சாட்டி?"

சங்கரி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு பாக்கிப்பா. முதல்ல உதைச்சீங்களே, ரெண்டு மாடி. அது எப்படி இருந்துச்சுன்னு நாங்க யாரும் சரியாப் பாக்கல."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது நம்ம வீடு" என்றார். "போன தடவை ஈசு முழங்காலுக்கு நீங்க மருந்து போட்டுக்கிட்டு இருந்தீங்கள்லா, அப்பக் கட்டினேன்."

"ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"சொன்னா, லோன் போடுன்னு சொல்லுவீங்க."

அப்பா இறங்கிப்போனார். சுனைக்குப் பக்கத்தில் தேடித்தேடி, தட்டையான கல்லாகப் பார்த்து, தண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். பொன்செல்வியின் வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வாசல் எந்தப் பக்கம் வச்சிருந்த?"

"கிழக்க."

"மாடி ரெண்டுதானே?"

"ரெண்டு போதும்."

அப்பா கிழக்கே பார்த்து முதல் கல்லை வைத்தார். அதன்மேல் அம்மா ஒன்று. அதன்மேல் சங்கரி ஒன்று. வீடு ஆடாமல் நின்றது. சங்கரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளில் லேசாகச் சாய்ந்துகொண்டாள். மூக்கு இப்போது குளிரால் மட்டும்தான் சிவந்திருந்தது.

குற்றாலீஸ்வரன் சட்டைப்பையைத் துழாவி, கோலிக்குண்டு அளவுள்ள ஒரு கல்லை எடுத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தான்.

"இது என்னது? கோழிக்கூடா?" என்றாள் சங்கரி.

"இல்ல. மணிக்கு."

அப்பா அந்தக் குட்டிக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையைத் தடவி, அதைவிடத் தட்டையான ஒரு சில்லை எடுத்து, அதன்மேல் வைத்தார்.

"சாரல் வரப்போகுது. கூரை இல்லாட்டா நனைஞ்சிரும்லா" என்றார்.